மரகதம் அழுத அத்தியாயம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
20.10.1981

ஞானம் அக்காவுக்கு,

கோபத்தோடு எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்தில் செயலாளர் சந்திரசேகரன், நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "ருக்குமணிக்குச் சிறுகதைக்கு மூச்சு இருக்கிறது, நாவலுக்கு இல்லை" என்று அதில் இருந்தது. என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் படித்தார், பாவம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. என் கதைகளை முதலில் படித்துச் சொல்கிற ஆள் நீங்கள். என்னிடம் சொல்லியிருக்கலாமே?

அதே கூட்டத்தில் ஓர் அறிவிப்பும் வந்தது. நவம்பர் முதல் தேதி தொடங்கி முப்பதாம் தேதிக்குள் ஒரு நாவலை முழுதாக எழுதி முடிக்க வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. முடித்தவர்கள் டிசம்பர் முதல் ஞாயிறு மேடையேறி ஓர் அத்தியாயம் படிக்கலாம். பெயர் எழுதச் சொல்லித் தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். நான் என் பெயரை எழுதினேன். கீழே உங்கள் பெயரையும் எழுதிவிட்டேன்.

கோபப்படுங்கள், பரவாயில்லை. நீங்கள் கெலுகோரில் இருந்தபோது ஞாயிறு இதழில் உங்கள் கதை வந்தால் நாங்கள் கைமாற்றிப் படிப்போம். உங்கள் வீட்டு ஐயாவுக்கு மாற்றலாகிக் கூச்சிங் போனபிறகு உங்களிடமிருந்து ஒரு கதைகூட வரவில்லை. எனக்கு மூச்சு இல்லை என்றால், உங்களுக்கு இருக்கிற மூச்சை நாங்கள் பார்க்க வேண்டாமா?

வேலு உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். காய்கறி லோரியில் இப்போது காலையிலேயே போய்விட்டு மதியம் வந்துவிடுகிறார். நீங்கள் நலமா?

ருக்குமணி

---

கூச்சிங், சரவாக்
27.10.1981

அன்பு ருக்கு,

இன்று தீபாவளி. வீட்டில் நாங்கள் இருவர்தான். பலகாரம் சுட்டுவிட்டு, யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்துக்குக் கொடுத்தனுப்பினேன். அந்த நேரத்தில்தான் தபால்காரர் உன் கோபத்தைக் கொண்டுவந்தார்.

சந்திரசேகரனுக்கு எழுதியதை உன்னிடம் நேரே சொல்லியிருக்க வேண்டும். அது சரி. ஆனால் சொன்ன கருத்து அப்படியேதான் இருக்கிறது. உன் கதைகளில் ஆட்கள் கதவைத் திறந்து உள்ளே வருகிறார்கள், ஒரு வார்த்தை சொல்கிறார்கள், போய்விடுகிறார்கள். அழகாக வருகிறார்கள், அழகாகப் போகிறார்கள். நாவலில் அவர்கள் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும். அதற்கு உனக்குப் பொறுமை உண்டா என்பதுதான் என் சந்தேகம். என்னைப் பொய்யாக்கிக் காட்டு.

என் பெயரை நீ எழுதியதைப் பார்த்து இவர் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். "நல்ல வேலை செய்தாள் அந்தப் பிள்ளை" என்றார். இந்த ஊரில் நான் எழுதினால் முகம் சுளிக்கக்கூட ஆள் இல்லை, ருக்கு. வாசிக்க ஒருவரும் இல்லையென்று தெரிந்தபோது பேனா தானாகவே ஓய்ந்துவிட்டது. வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

சரி, எழுதுகிறேன். ஒரு நிபந்தனை. நம் இருவரில் ஒருவர் இடையில் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்திவிட வேண்டும். நீ விழுந்தால் என் நாவலும் சாகும், நான் விழுந்தால் உன்னுடையதும். அப்போதுதான் இருவருக்கும் பயம் இருக்கும். சம்மதமா? பதிலுக்குக் காத்திருக்கப்போவதில்லை. முதல் தேதி தொடங்கிவிடுவேன். எழுதியதைப் போட்டோஸ்டாட் எடுத்து அனுப்பு.

ஞானாம்பிகை

---

ஆயர் ஈத்தாம்
8.11.1981

ஞானம் அக்காவுக்கு,

சம்மதம். இத்துடன் முதல் ஐந்து அத்தியாயங்கள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அதற்குக் காரணம் கடல்.

வீட்டில் எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தால் வேலு வந்து எட்டிப் பார்க்கிறார், "என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?" என்று கேட்கிறார். அதனால் ஃபெரியில் எழுதுகிறேன். காலையில் பட்டர்வொர்த்துக்குப் போகும்போது கொஞ்சம், வேலை முடிந்து திரும்பும்போது கொஞ்சம். மேல்தட்டில் ஓரப் பெஞ்சு, மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் தாள். கரை நெருங்கிக் கப்பல் இடித்து நிற்கிறபோது எந்த வாக்கியத்தில் இருக்கிறேனோ அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். அதுவும் ஒரு வகையில் நல்லதாக இருக்கிறது. மாக் மண்டின் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைக்கும்போது அந்தப் பாதி வாக்கியம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் உட்கார்ந்தால் மீதி தயாராக வருகிறது.

ஃபெரி ஜெட்டி வாசலில் கச்சாங் கடலை விற்கிற ஜபருல்லா பாய் நேற்று நிறுத்திக் கேட்டார். "என்னம்மா, தினமும் எழுதுறீங்க, பரீட்சையா?"

"நாவல் பாய்."

"ஓ! கடைசியில ரெண்டு பேரையும் சேர்த்து வச்சிடுங்கம்மா. பிரிச்சுடாதீங்க. நம்மளால தாங்க முடியாது லா."

கதை உங்களுக்குப் படித்தால் தெரியும். மரகதம் என்று ஒரு பெண். கணவன் செல்வம் கப்பலில் சமையல்காரன். ஒரு நாள் மெட்ராஸ் கப்பலில் போகிறான். அவள் துறைமுகத்தில் நின்று அழுகிறாள். அவன் திரும்பவே இல்லை. அவள் சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறாள், மகளை வளர்க்கிறாள், ஒவ்வொரு கப்பலுக்கும் காத்திருக்கிறாள்.

யாரை வைத்து என்று கேட்பீர்கள். என் பக்கத்து மெஷினில் தைக்கிற சலேஹா. ஜார்ஜ் டவுனில்தான் வீடு, என்னோடுதான் ஃபெரியில் வருவாள். கப்பலில் போன புருஷன் திரும்பவில்லை என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவள் மட்டும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மீதியை நானே இட்டு நிரப்பினேன்.

உங்களுடையதை ஏன் அனுப்பவில்லை?

ருக்குமணி

---

கூச்சிங்
12.11.1981

அன்பு ருக்கு,

உன் பொட்டலம் இன்று மதியம் வந்தது. அடுப்பில் குழம்பை மறந்துவிட்டேன். கரி வாசம் வந்தபிறகுதான் எழுந்தேன், அப்போதும் தாள் கையில்தான்.

மரகதம் துணி உலர்த்துகிற இடம் ஒன்று எழுதியிருக்கிறாயே. கணவனின் சட்டையை மட்டும் உட்புறம் வெளியே திருப்பிப் போடுகிறாள், வெயிலில் நிறம் போய்விடுமாம். வராதவனுடைய சட்டை! இதை நான் எழுதியிருந்தால் அவள் சட்டையை முகத்தில் புதைத்து மோந்து பார்த்திருப்பாள். நீ அவளைத் திருப்பிப் போடவைத்துவிட்டு அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டாய். எங்கே கற்றாய் இதை?

துறைமுக அத்தியாயத்தை இவருக்குச் சத்தமாக வாசித்தேன். கப்பல் சங்கு ஊதுகிறபோது மரகதம் தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருவூலத்தில் கணக்குப் பார்க்கிற மனிதர், கதை கேட்டு அழுது நான் கண்டதில்லை. இதுவரை நீ எழுதியதிலேயே சிறந்தது அதுதான்.

என்னுடையதைக் கேட்காதே. என் கதாநாயகன் இன்னும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. காப்பி குடிக்கிறான், யோசிக்கிறான். மறுபடியும் காப்பி. அவனை எழுப்பி வெளியே அனுப்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆனாலும் உட்காருகிறேன், உன்னால்.

தொடர்ந்து எழுது. நிறுத்தாதே.

ஞானாம்பிகை

---

ஆயர் ஈத்தாம்
16.11.1981

அக்கா,

நான் நிறுத்திவிட்டேன்.

கேன்டீனில் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், "என்னதான் எழுதுற, படிச்சுக் காட்டு" என்று. இன்று மதியம் நீங்கள் புகழ்ந்த அந்தத் துறைமுக அத்தியாயத்தைப் படித்தேன். உங்கள் கடிதம் வந்த துணிச்சல்தான். எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்கள். இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். நான் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். சலேஹா தன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. எழுந்து போய்விட்டாள்.

வேலை முடிகிற மணி அடித்ததும் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, அது நான்தானே?"

"ஆமா சலேஹா."

"அதை எடுத்துடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஃபெரியில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள் இன்று எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் தாளை வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்?

அவளுடைய வெட்கத்தை நான் ஊர் நடுவில் விரித்துப் போட்டுவிட்டேன். அந்த அத்தியாயத்தை எடுத்தால் நாவலில் ஒன்றும் மிச்சமில்லை. வைத்துக்கொண்டால் நாளைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படித் தைப்பேன்? அவள் பெயரைப் போடாமல் எழுதினேன் என்று சமாதானம் சொல்லலாம். கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நம் நிபந்தனைப்படி நீங்களும் நிறுத்த வேண்டும். உங்களை எழுதவைத்ததும் நான், நிறுத்தவைப்பதும் நான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ருக்குமணி

---

கூச்சிங்
20.11.1981
எக்ஸ்பிரஸ்

அன்பு ருக்கு,

காலையில் உனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். பெயரை மாற்று, ஊரை மாற்று, கப்பலை ரயிலாக்கு, எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றெல்லாம். நல்ல வாதம். அந்த அத்தியாயத்தை இழக்க எனக்கு மனமில்லை, அதுதான் உண்மை.

உறையில் போடுமுன் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பெண் ஏன் எடுக்கச் சொன்னாளாம்?"

எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உனக்கும் தெரியவில்லை, ருக்கு! வெட்கம் என்று நீ எழுதியிருக்கிறாய். அவள் அப்படிச் சொல்லவில்லையே. அவளோடு கதைத்துப் பார்த்தாயா? நீ மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய், அவள் எதிர்ப்பக்கம் நின்றாள், கப்பல் கரை சேர்ந்துவிட்டது. அவ்வளவுதானே நடந்தது?

என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போய் அவளிடம் கேள். கேட்டபிறகும் வேண்டாமென்றால் அந்தத் தாள்களைக் கிழித்துவிடு. எனக்கு எத்தனை பிடித்திருந்தாலும் சரி, அவளுடைய வாழ்க்கை அவளுடையது. என் கையிலுள்ள நகலையும் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

என்னுடையதை நிறுத்தச் சொல்லியிருக்கிறாய். நான் நிறுத்தவில்லை. என் கதாநாயகன் நேற்றுத்தான் செருப்பைப் போட்டிருக்கிறான். அவனை இப்போது கொன்றுவிடாதே.

ஞானாம்பிகை

---

ஆயர் ஈத்தாம்
27.11.1981

ஞானம் அக்காவுக்கு,

கேட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, நடந்தபடியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேல்தட்டில் அவள் நின்ற பக்கமாகவே போய் நின்றேன். "சலேஹா, உன்னைக் கேக்காம எழுதினது தப்புத்தான். எடுத்துடுறேன். ஆனா ஏன்னு மட்டும் சொல்லு. வெக்கமா இருந்துச்சா?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். "எனக்கு என்னத்துக்கு வெக்கம்? நீங்க என்னை அழ வச்சிட்டீங்க அக்கா. தூணைப் புடிச்சிக்கிட்டு! நான் அழவே இல்லை."

பிறகு சொன்னாள். கணவன் அவளையும் மகளையும் நாகப்பட்டினத்தில் தன் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவு செய்திருக்கிறான். அவள் வேலைக்குப் போகக்கூடாது, பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டாம். இருவருக்கும் தான் வேலை செய்கிற கப்பலிலேயே இடம் வாங்கிவிட்டான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பெட்டி கட்டியிருக்கிறாள். துறைமுகத்துக்கும் கூடவே போயிருக்கிறாள்.

"ஏணிகிட்ட போனதும் அவரோட பெட்டியை அவர் கையில குடுத்தேன். இது உங்களோடது, நாங்க வரலைன்னேன். திட்டினாரு. சங்கு ஊதிடுச்சு. அவருக்குக் கப்பல்ல வேலை, ஏறித்தான் ஆகணும். நான் என் பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை."

நான் கேட்டேன். "அப்ப எல்லாரும் அவர் விட்டுட்டுப் போயிட்டார்னு சொல்றாங்களே?"

"சொல்லட்டும்னு விட்டுட்டேன். புருஷனை அனுப்பிட்டா அம்மான்னு பிள்ளை காதுல விழ வேணாம்னு இருந்தேன். அதுக்காக நீங்க என்னைக் கப்பல் கப்பலாத் தேடவிடுறீங்களே, அதான் தாங்கலை."

அக்கா, நீங்களும் நானும் கண்ணீர் விட்டது என்னுடைய கற்பனைக்கு. அவள் நடந்து காட்டியது அதைவிட எவ்வளவு பெரியது! பக்கத்து மெஷினில் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று கேட்டேன். ஃபெரி கரையில் இடித்தது, எல்லோரும் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். "முதல்ல மகள்கிட்ட சொல்லணும். அவ என்ன சொல்றாளோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு நாள் போய்க்கொண்டிருந்தது, ஆனால் கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. புதன்கிழமை காலை ஜெட்டியில் எனக்காகக் காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"சொல்லிட்டேன். ஏம்மா இவ்வளவு நாளா சொல்லலைன்னு சண்டை போட்டா. அப்புறம் கட்டிப் புடிச்சிக்கிட்டா. எழுதுங்கக்கா. அழ மட்டும் வைக்காதீங்க."

அன்றிலிருந்து லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். லீவு போட்டுவிட்டு ஃபெரியிலேயே போய் உட்காருகிறேன், சிரிக்காதீர்கள், வேறு இடத்தில் எழுத்து வரமாட்டேன் என்கிறது. இறங்காமல் போய்ப் போய் வருகிறேன். முதலில் எழுதியதில் காத்திருக்கிற பகுதிகள் எல்லாம் போய்விட்டன. மரகதம் இப்போது வேறு ஆள். நான் சொன்ன இடத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். இதைத்தானே சண்டை பிடிக்க வேண்டும் என்று எழுதினீர்கள்?

வேலு மூன்று நாளாக மீன் பொரிக்கிறார். மூன்று நாளும் தீய்ந்த மீன்தான். இன்று தாள்களை எடுத்துப் படித்துவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு நெஞ்சழுத்தம் லா" என்று மட்டும் சொன்னார், ரொம்ப மரியாதையாக.

புதிய துறைமுக அத்தியாயம் இத்துடன். பழையதை எரித்துவிடுங்கள்.

ருக்குமணி

---

கூச்சிங்
2.12.1981

அன்பு ருக்கு,

பழையதை எரித்துவிட்டேன். என் அழுகையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புதியதை நின்றபடியே வாசித்தேன். மரகதம் பெட்டியை அவன் கையில் கொடுக்கிற இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. முதுகு நிமிர்ந்தது. இரண்டு பக்கத்துக்கு அவள் என்ன நினைக்கிறாள் என்றே நீ எழுதவில்லை. பெட்டியின் கைப்பிடி, ஏணியின் ஈரம், பிள்ளையின் கழன்ற சப்பாத்து, அவ்வளவுதான். அதன்பிறகு பஸ்ஸில் அவள் கண்டக்டரிடம் பிள்ளைக்கு அரை டிக்கெட் கேட்கும்போது அந்தக் குரலில் எல்லாம் வந்துவிட்டது. இத்தனை காலமாகப் பேனா பிடிக்கிறேன், ருக்கு. எனக்கு இது வந்திருக்காது. பொறாமைப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை நீ அவளைக் கேட்காமல் இருந்தாயே. கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை, நாவல் பாதியில் நிற்கிறது, பக்கத்து மெஷினில் விடை உட்கார்ந்திருக்கிறது, நீ காலர் தைத்துக்கொண்டிருந்தாய். நாவலைவிட அதைத்தான் இவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

என்னுடையதையும் முப்பதாம் தேதி முடித்துவிட்டேன். மோசமான நாவல். இவர் மரியாதைக்காக மூன்று அத்தியாயம் படித்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். ஆனால் முடித்தேன், அதை நினைத்தால் எனக்கு வெட்கமில்லாத ஒரு சந்தோஷம். சந்திரசேகரனுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மேடையில் யாரும் படிக்க வேண்டாம் என்று குறிப்பும் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் குரல் நடுங்கும். நடுங்கட்டும், படி. நடந்ததை எழுது, ஒன்றும் விடாமல்.

ஞானாம்பிகை

---

ஆயர் ஈத்தாம்
7.12.1981

ஞானம் அக்காவுக்கு,

நேற்று படித்தேன்.

பெயர் கொடுத்தவர்களில் முடித்தது நீங்கள், நான், துறைமுகக் கிளார்க் அப்புத்துரை, மூன்று பேர்தான். அப்புத்துரை ஒரு துப்பறியும் கதை எழுதியிருக்கிறார், கொலைகாரன் யார் என்பதைக் கூட்டத்தில் தவறிச் சொல்லிவிட்டார். உங்கள் பெயரைச் சந்திரசேகரன் வாசித்தபோது கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. "சரவாக் போயும் விடலை பாத்தியா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

மண்டபத்தில் எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. வேலு வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில். தொழிற்சாலைப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். சலேஹா மகளோடு வந்து கடைசியில், கதவோரமாக உட்கார்ந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. வருவாள் என்றே எதிர்பார்க்கவில்லை.

குரல் நடுங்கியது. பெட்டி கைமாறுகிற இடம் வரை நடுங்கியது, அதற்குப் பிறகு நின்றுவிட்டது. படித்து முடித்ததும் கைதட்டினார்கள்.

கேள்வி கேட்கலாம் என்றதும் துணிக்கடை ஷேக் அலாவுதீன் எழுந்தார். வட்டத்தின் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவர், நல்ல வாசகர், கோணலாகக் கேட்கிற ஆள் இல்லை.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஒரு சந்தேகம். புருஷன் கப்பல்ல போறான், இனிமே வரமாட்டான்னு அவளுக்குத் தெரியுது. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டாளா? அதெப்படி? நம்ம பொண்ணுங்க அப்படியா இருக்காங்க? இந்த இடம் மட்டும் நம்பும்படியா இல்லையே."

சிலர் தலையாட்டினார்கள். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அது என்னுடைய பதில் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கற்பனைதான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அழலைங்க."

எல்லோரும் திரும்பினார்கள். சலேஹா எழுந்து நின்றிருந்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள்.

"அது நான்தான். பிள்ளைக்குப் பசி, பஸ் வேற வந்துடுச்சு. அழறதுக்கு எங்கங்க நேரம்?"

அக்கா, எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் அவளைப் பாவம் பாவம் என்று சொன்னவர்கள் அவர்கள்தான். ஷேக் அலாவுதீன் தலைக் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "தப்பாக் கேட்டுட்டேம்மா" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனவர், உட்காராமல் கைதட்ட ஆரம்பித்தார். அதன்பிறகு எழுந்த சத்தம் எனக்கு இல்லை, நாவலுக்கும் இல்லை, அவளுக்கு. மேடையில் நின்று நானும் தட்டினேன். சலேஹா உட்கார்ந்துவிட்டாள். மகள் மட்டும் உட்காரவில்லை. சுற்றிச் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்தாள், எங்கம்மாவைப் பாருங்கள் என்பதுபோல.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். மலாய்ப் பள்ளியில் படிக்கிறவள், தமிழ் தயங்கித் தயங்கித்தான் வருகிறது.

"அக்கா, நீங்க படிச்ச பேப்பர் எனக்குத் தர முடியுமா? நான் மெதுவாத்தான் படிப்பேன். ஆனா படிச்சிடுவேன்."

கொடுத்துவிட்டேன். அந்த அத்தியாயத்தின் கையெழுத்துப் படி அது ஒன்றுதான். சந்திரசேகரன் தலையில் அடித்துக்கொண்டார், வட்டத்தின் செலவில் நாவலை அச்சிடப் போகிறார்களாம். நகல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அனுப்பிவைக்கிறீர்களா? அதோடு உங்கள் நாவலையும் வைத்து அனுப்புங்கள். மோசம் என்று நீங்களே சொன்னால் போதுமா? நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

ருக்குமணி